பாபி ஜோன்ஸ்: காசு வாங்காத சாம்பியனும் அவர் பையிலிருந்த மட்டைகளும்

கோல்ஃப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள்கூட டைகர் வுட்ஸ் பெயரைக் கேட்டிருப்பார்கள். அந்த வுட்ஸாலும் முடியாத ஒரு காரியத்தை 1930-ல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்து வக்கீல் ஒருவர் செய்து முடித்தார். அன்றைய நான்கு பெரிய பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றார். அப்போது அவருக்கு வயது 28. அதற்காக அவர் கைக்கு வந்த பரிசுப் பணம் எவ்வளவு தெரியுமா? ஒரு டாலர்கூட இல்லை.

முழுப்பெயர் ராபர்ட் டயர் ஜோன்ஸ் ஜூனியர். உலகம் கூப்பிட்டது பாபி ஜோன்ஸ் என்று. வார நாட்களில் ஆபீஸ், லீவு நாளில் அப்பாவோடும் அவருடைய நண்பர்களோடும் ஒரு ரவுண்டு கோல்ஃப். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேட்டைத் தூக்கிக்கொண்டு கிரவுண்டுக்குப் போகும் நம்மூர் ஆட்களைப் போலத்தான் அவர் வாழ்க்கையும் இருந்தது. ஆனா, உலகத்தின் முதல் ஆட்டக்காரரும் அவர்தான்.

அவர் பையில் என்னென்ன மட்டைகள் இருந்தன? அவற்றை எப்படித் தேர்ந்தெடுத்தார்? ஏன் காசு வாங்க மறுத்தார்? அப்படிப்பட்டவர் பெயரிலேயே பிறகு மட்டைகள் கடைக்கு வந்தது எப்படி? பார்க்கலாம்.

அறுத்துக் கொடுத்த முதல் மட்டை

1902 மார்ச் 17-ம் தேதி அட்லாண்டாவில் பிறந்தார் ஜோன்ஸ். பிறந்ததிலிருந்தே நோஞ்சான். ஐந்து வயது வரை திட உணவு எதுவும் வயிற்றில் தங்கவில்லை. நல்ல காற்றாவது கிடைக்கட்டும் என்று, நகரத்துக்கு வெளியே ஈஸ்ட் லேக் என்ற இடத்துக்குக் குடும்பம் கோடைக்காலத்தைக் கழிக்கப் போனது. பக்கத்திலேயே கோல்ஃப் மைதானம். வக்கீலான அப்பாவை ஊரில் 'கர்னல்' என்று கூப்பிடுவார்கள். அவர் அங்கே ஆட ஆரம்பிக்க, பிள்ளையும் பின்னாலேயே போனான். பெரியவர் ஒருவரின் பழைய இரும்பு மட்டையைச் சிறுவனின் உயரத்துக்கு அறுத்துக் கொடுத்தார்கள். அதுதான் முதல் மட்டை.

ஈஸ்ட் லேக் கிளப்பில் பயிற்சியாளராக இருந்தவர் ஸ்டூவர்ட் மெய்டன். ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி ஊர்க்காரர், அதிகம் பேசாதவர். ஜோன்ஸ் அவரிடம் முறைப்படி பாடம் படிக்கவே இல்லை. அவர் ஆடும்போது கூடவே நடந்து போய்ப் பார்ப்பான். பிறகு அதே மாதிரி வீசிப் பார்ப்பான். அவ்வளவுதான் பயிற்சி. பின்னாளில் மெய்டனின் ஊர்க்காரர்களே ஜோன்ஸைத் தூரத்தில் பார்த்து மெய்டன் என்று நினைக்கும் அளவுக்கு அந்த வீச்சு ஒட்டிக்கொண்டது.

ஆறு வயதில், பிள்ளைகளுக்குள் நடந்த சின்னப் போட்டி ஒன்றில் கோப்பை அவனுக்குக் கொடுக்கப்பட்டது. உண்மையில் ஜெயித்தது கூட ஆடிய அலெக்ஸா ஸ்டர்லிங் என்ற சிறுமிதான் என்பது பிற்காலத்தில் ஜோன்ஸின் எண்ணம். அது வெறும் தன்னடக்கம் என்று சொல்ல முடியாது. அந்த அலெக்ஸா வளர்ந்து, மூன்று முறை அமெரிக்கப் பெண்கள் அமெச்சூர் சாம்பியன் ஆனார்.

14 வயதில் ஜோன்ஸ் ஜார்ஜியா மாநிலப் பட்டத்தை வென்றார். அதே 1916-ல் பிலடெல்பியாவை அடுத்த மெரியன் மைதானத்தில் நடந்த அமெரிக்க அமெச்சூர் போட்டியில் பெரியவர்களோடு மோதிக் காலிறுதி வரை போனார்.

மட்டை பறந்த காலம்

அதன் பிறகு 1922 வரை பெரிய பட்டம் ஒன்றுகூட இல்லை. திறமையில் குறை ஒன்றும் இல்லை, கோபம்தான் பிரச்சினை. ஒரு அடி தவறினால் மட்டை காற்றில் பறக்கும். 1921-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிரிட்டிஷ் ஓபன் நடந்தது. மூன்றாவது சுற்றில், 11-வது குழிக்கு அருகே மணற்குழியில் மாட்டிக்கொண்டு தடுமாறியவர், போட்டியை அப்படியே கைவிட்டுவிட்டார். கோல்ஃப் பிறந்த ஊராகக் கொண்டாடப்படும் இடத்தில் இப்படிச் செய்தது சின்ன விஷயமில்லை.

அதே ஆண்டு அமெரிக்க அமெச்சூரில் அவர் வீசியெறிந்த மட்டை தரையில் பட்டு எகிறி, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் காலில் பட்டது. கோபத்தை அடக்காவிட்டால் இனி எங்கள் போட்டிகளில் இடமில்லை என்று அமெரிக்க கோல்ஃப் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அப்போது ஜோன்ஸுக்கு 19 வயது.

கடிதம் வேலை செய்தது. 1923-ல் நியூயார்க்கை அடுத்த இன்வுட்டில் அமெரிக்க ஓபன். இன்னொரு பாபியான பாபி குரூக்‌ஷாங்கோடு சமநிலை ஆகி, மறுநாள் தனி ஆட்டம். கடைசிக் குழியில் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்த கிரீனுக்கு நீண்ட தூரத்திலிருந்து ஜோன்ஸ் அடித்த இரும்பு மட்டை அடிதான் முதல் பெரிய பட்டத்தைக் கொண்டுவந்தது. அடுத்த எட்டு ஆண்டுகளில் மொத்தம் 13.

மட்டையை எறிந்த பையன் எந்த அளவுக்கு மாறினார் என்பதற்கு 1925 அமெரிக்க ஓபன் சாட்சி. வூஸ்டரில் 11-வது குழியில், அடிக்கத் தயாரானபோது பந்து லேசாக அசைந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. ஜோன்ஸ் தானே போய்ச் சொல்லி ஒரு அடி அபராதம் போட்டுக்கொண்டார். போட்டி சமநிலையில் முடிந்து, தனி ஆட்டத்தில் வில்லி மக்ஃபார்லேனிடம் தோற்றார். அந்த ஒரு அடி இல்லையென்றால் தனி ஆட்டமே தேவைப்பட்டிருக்காது. இதற்காகப் பாராட்டியவர்களிடம் ஜோன்ஸ் எரிச்சல்தான் பட்டார். விதிப்படி ஆடியதில் பாராட்ட என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி.

ஹிக்கரின்னா என்ன?

இனி பைக்கு வருவோம். இன்றைக்கு கோல்ஃப் கற்றுக்கொள்ளப் போகிறவர் கடையில் ஒரே கம்பெனியின் முழு செட்டை வாங்கிவிடலாம். எல்லா மட்டையும் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி இருக்கும். ஜோன்ஸ் காலத்தில் அப்படி இல்லை. மட்டையின் தண்டு ஹிக்கரி என்ற அமெரிக்க மரத்தில் செய்யப்பட்டது. அதைக் கைத்தொழிலாளி ஒவ்வொன்றாகச் செதுக்கி, தேய்த்து, தலைப்பகுதியில் பொருத்துவார். ஒரே பட்டறையில் ஒரே நாளில் செய்த இரண்டு மட்டைகள்கூட ஒன்றுபோல இருக்காது. மரம் இல்லையா? ஒன்று கொஞ்சம் விறைப்பாக இருக்கும், இன்னொன்று வளையும். வீசும்போது வளைவது மட்டுமல்ல, லேசாக முறுக்கவும் செய்யும். அவசரப்பட்டு வீசினால் மட்டையின் முகம் திரும்பிப் பந்து எங்கேயோ போய்விடும். ஜோன்ஸின் வீச்சு சாவகாசமாக, அலை மாதிரி இருந்ததற்கு இந்த மரமும் ஒரு காரணம்.

மட்டைகளுக்கு அப்போது எண் கிடையாது, பெயர்கள்தான். மேஷி, நிப்லிக், பிராசி, க்ளீக்... ஏதோ செல்லப்பிராணிகளைக் கூப்பிடுவது மாதிரி.

நம்மூர் கடையில் பேட் வாங்கப் போகிறவர் என்ன செய்வார்? நாலைந்தைத் தூக்கிப் பார்த்து, காற்றில் ஒரு வீசு வீசி, கைக்கு எது ஒத்துவருகிறதோ அதை எடுப்பார். ஜோன்ஸும் அதையேதான் செய்தார், ஆனால் பல வருடங்களுக்கு. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று சேர்த்தார். பிடித்ததை வைத்துக்கொண்டார், பிடிக்காததை விட்டுவிட்டார். தராசு இல்லை, கருவி இல்லை, கை சொன்னதுதான் கணக்கு.

கோல்ஃப் உலகில் இன்றும் சொல்லப்படும் ஒரு கதை இதைப் பற்றித்தான். ஜோன்ஸ் ஓய்வு பெற்ற பிறகு, அவருடைய மட்டைகளைக் கருவிகளை வைத்துச் சோதித்தார்களாம். வீசும்போது கையில் உணரும் எடை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது, ஒரே ஒரு மட்டையைத் தவிர. அது மேஷி நிப்லிக். அந்த மட்டைதான் தனக்கு எப்போதும் சரிப்பட்டு வரவில்லை என்று ஜோன்ஸ் குறைப்பட்டு வந்தார்.

கலாமிட்டி ஜேன் என்ற புட்டர்

அவர் பையில் மிகவும் பேர் பெற்றது ஒரு புட்டர். குழிக்கு அருகே வந்த பிறகு, புல்தரையில் பந்தை மெல்ல உருட்டி உள்ளே தள்ளும் மட்டைக்குத்தான் புட்டர் என்று பெயர். மெய்டனின் அண்ணன் தம்பிகளில் ஒருவரான ஜிம் மெய்டன் நியூயார்க் பக்கம் ஒரு கிளப்பில் பயிற்சியாளராக இருந்தார். 1920 வாக்கில், புட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஜோன்ஸிடம் அவர் தன்னிடமிருந்த பழைய மட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மெல்லிய இரும்புத் தலை, மரத் தண்டு. அமெரிக்க மேற்குப் பகுதியில் துப்பாக்கியும் குதிரையுமாகத் திரிந்து பேர் வாங்கிய கலாமிட்டி ஜேன் என்ற பெண்ணின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. தண்டில் விரிசல் விழுந்து, நூல் சுற்றிக் கட்டிய மட்டை அது. பார்த்தால் பழைய சாமான் கடையில் கிடப்பது மாதிரிதான் இருக்கும்.

அதை வைத்துத்தான் முதல் மூன்று பெரிய பட்டங்கள். ஆனா ஒரு சிக்கல். அன்றைய இரும்பு துருப்பிடிக்கும். அதனால் கேடிகள் மட்டைத் தலைகளை அடிக்கடி தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். தேய்த்துத் தேய்த்து அந்தப் புட்டரின் முகமே தேய்ந்துபோனது. பந்து பட வேண்டிய சரியான இடம் நகர்ந்துவிட்டது. அதே அச்சில் ஸ்பால்டிங் கம்பெனி சில நகல்கள் செய்து கொடுத்தது. அவற்றில் ஒன்றுதான் இரண்டாம் கலாமிட்டி ஜேன். மீதி பத்துப் பட்டங்களும் அதன் கணக்கு. புதிதாக வேறு மாதிரி புட்டர் வாங்கலாம் என்று அவர் நினைக்கவில்லை. கைக்குப் பழகியது திரும்பக் கிடைத்தால் போதும் என்று இருந்தார்.

முதல் அடிக்கான பெரிய மர மட்டையான டிரைவருக்கும் பெயர் உண்டு. ஜீனி டீன்ஸ். 1904-ல் பிரிட்டிஷ் ஓபன் வென்ற ஜாக் ஒயிட் செய்து கொடுத்தது. வால்டர் ஸ்காட் எழுதிய நாவலின் நாயகி பெயர் அது. ஜோன்ஸ் ஹார்வர்டில் ஆங்கில இலக்கியம் படித்தவர். அதற்கு முன் ஜார்ஜியா டெக்கில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். பிறகு எமரியில் சட்டம் சேர்ந்து, படிப்பு முடியும் முன்னரே வக்கீல் தேர்வில் பாஸ். இவ்வளவுக்கும் நடுவில்தான் கோல்ஃப்.

இன்னொரு மட்டை இங்கிலாந்தின் ராயல் லித்தம் கிளப்பில் இன்றும் மாட்டியிருக்கிறது. 1926 பிரிட்டிஷ் ஓபனில், 17-வது குழியில் மணலில் கிடந்த பந்தைச் சுமார் 175 கெஜம் தள்ளியிருந்த கிரீனுக்கு அடித்த மட்டை அது. அதே நாள் மதிய இடைவேளையில் ஓட்டலுக்குப் போய்த் திரும்பிய ஜோன்ஸை வாசல் காவலாளிக்கு அடையாளம் தெரியவில்லை. பேட்ஜை மறந்துவிட்டு வந்திருந்தார். சண்டை போடாமல், பார்வையாளர் வரிசைக்குப் போய்க் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி உள்ளே வந்து, பட்டத்தையும் வென்றார். பரிசுப் பணம் வாங்காதது மட்டுமில்லை, கைக்காசு போட்டு ஆடிய சாம்பியன்.

இரும்புத் தண்டு வந்த பிறகும் மரமா?

எஃகுத் தண்டு வைத்த மட்டைகளை அமெரிக்கச் சங்கம் 1924-லேயே ஏற்றுக்கொண்டது. பிரிட்டன் 1929 வரை இழுத்தடித்தது. எஃகு முறுக்காது, மழையில் ஊறாது, எல்லாம் ஒன்றுபோலச் செய்யலாம். சுமாராக ஆடுகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஜோன்ஸ் கடைசி வரை ஹிக்கரியை விடவில்லை. அவர் ஒதுங்கிய அடுத்த ஆண்டே, 1931-ல், பில்லி பர்க் எஃகுத் தண்டு மட்டைகளோடு அமெரிக்க ஓபனை வென்றார்.

புதிதாக வந்தது எதையும் தொட மாட்டார் என்று நினைக்க வேண்டாம். 1930-ல் சக வீரர் ஹார்ட்டன் ஸ்மித், முகம் குழிவான ஒரு கனத்த மட்டையை அவருக்குக் கொடுத்தார். மணலிலிருந்து பந்தை அள்ளிப் போட வசதியானது. அந்த ஆண்டு பிரிட்டிஷ் ஓபனின் கடைசிச் சுற்றில், 16-வது குழியில் ஜோன்ஸ் அதை எடுத்துப் பந்தைக் குழிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தார். அடுத்த ஆண்டு அந்த வகை மட்டைக்கே தடை வந்துவிட்டது. பட்டம் தப்பியது.

சும்மா ஆடுவது வேறு, போட்டி வேறு

அமெச்சூர் என்றால் பணத்துக்காக ஆடாதவர். இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் 'அரைகுறை' என்றுதான் தோன்றும். அன்று நிலைமை தலைகீழ். தொழில்முறை ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் கிளப்பின் ஊழியர்கள். மட்டை பழுது பார்ப்பார்கள், பாடம் எடுப்பார்கள். முன்வாசல் வழியாக அவர்களை உள்ளே விடாத கிளப்புகள் இருந்தன. அமெச்சூர் என்பது வசதியும் அந்தஸ்தும் உள்ளவர்களுக்கான பட்டம். ஜோன்ஸின் நேர்மையைப் பற்றிப் பேசும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனா அவருக்கும் அது சும்மா கிடைத்த பெருமை இல்லை. 1926-ல் ஃபுளோரிடாவில் தொழில்முறை வீரர் வால்டர் ஹேகனோடு ஒரு தனி மோதல். ஹேகன் அவரைத் துவைத்தெடுத்துவிட்டார். வசூல் பணம் ஹேகனுக்கு. ஜோன்ஸுக்குத் தோல்வி மட்டும். அடுத்து, அட்லாண்டா அன்பர்கள் சேர்ந்து வீடு வாங்க 50,000 டாலர் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அது பெரும் செல்வம். ஜோன்ஸ் அப்போது மனைவி மேரியோடு குடும்பம் நடத்த ஆரம்பித்திருந்த இளம் வக்கீல். அமெச்சூர் அந்தஸ்துக்கு ஆபத்து வரலாம் என்று சங்கம் சொன்னதும் பணத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வருடத்தில் பல மாதங்கள் அவர் மட்டையைத் தொடுவதே அரிது. குளிர்காலத்தில் பை மூலையில் கிடக்கும். மொத்தமே 52 போட்டிகளில்தான் கலந்துகொண்டார், அவற்றில் 23-ல் வெற்றி. மற்றபடி ஈஸ்ட் லேக்கில் நண்பர்களோடு சாதாரண ஆட்டம். நாலு பேர் சேர்ந்து, சுமாராக ஆடுகிறவருக்கு ஹேண்டிகேப் என்ற பெயரில் சில அடிகளைத் தள்ளுபடி கொடுத்து ஆடும் வழக்கம் கோல்ஃபில் உண்டு. அதனால்தான் உலகச் சாம்பியனும் ஊர் வியாபாரியும் ஒன்றாக ஆட முடிகிறது. அப்படிப்பட்ட ஈஸ்ட் லேக் மைதானத்தில் 1922-ல் ஒரு நாள் 18 குழிகளை 63 அடிகளில் முடித்தார். மைதானத்தின் சாதனை அது.

போட்டி என்று வந்துவிட்டால் வேறு மனிதர். காலையில் சாப்பிட்டது வயிற்றில் தங்காது. ஒரு போட்டி முடிவதற்குள் ஐந்து கிலோவுக்கு மேல் இளைத்துவிடுவதும் உண்டு. இரண்டும் ஒரே விளையாட்டே இல்லை என்பது அவர் கருத்து. எதிராளியைப் பார்க்காமல், ஒரு மைதானத்தை நன்றாக ஆடுகிறவர் இத்தனை அடிகளில் முடிக்க வேண்டும் என்று வைத்திருக்கும் கணக்கான 'பார்' என்பதையே எதிரியாக நினைத்து ஆடுவது என்ற உபாயத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் அவர் தேறினார்.

நான்கு பட்டங்கள், ஒரு வருடம்

1930. வாக்கர் கோப்பை அணியின் கேப்டனாக பிரிட்டன் போனார். முதலில் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிரிட்டிஷ் அமெச்சூர். ஒன்பது வருடத்துக்கு முன் ஆட்டத்தைக் கைவிட்ட அதே மைதானம். நாலாவது சுற்றில் சிரில் டாலியிடம் தோற்றிருக்க வேண்டியவர், கூடுதல் குழிவரை போய்த் தப்பித்தார். இறுதியில் ரோஜர் வெதர்டை வென்றார். அடுத்து ஹாய்லேக்கில் பிரிட்டிஷ் ஓபன். கடைசிச் சுற்றில் கிரீனுக்குப் பக்கத்திலிருந்து ஐந்து அடிகள் வீணாக்கியும் பட்டம் கிடைத்தது.

மூன்றாவது, மினியாபொலிஸ் நகரை அடுத்த இன்டர்லாக்கனில் அமெரிக்க ஓபன். அனல் வெயில். ஜோன்ஸ் கழுத்தில் டை கட்டி ஆடுவார். வியர்வையில் ஊறி முடிச்சு இறுகிப்போய் அவிழ்க்க முடியாமல், அவருடைய நிழல் போலக் கூடவே சுற்றிய அட்லாண்டா பத்திரிகையாளர் ஓ.பி.கீலர் அதைக் கத்தியால் அறுத்தெடுத்தார். இரண்டாவது சுற்றில் தண்ணீரில் விழுந்திருக்க வேண்டிய பந்து ஒன்று, தட்டையாய் எறிந்த கல் மாதிரி நீர்ப்பரப்பில் தத்திக் கரையேறியது. அதிர்ஷ்டமும் கூட இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

நான்காவது, செப்டம்பர் 27-ம் தேதி, மெரியனில் அமெரிக்க அமெச்சூர். 14 வயதில் முதன்முதலாக வந்த அதே இடம். இறுதியில் யூஜின் ஹோமன்ஸ் எதிரே நிற்க முடியவில்லை. ஆட்டம் முடிந்ததும் கூட்டத்திடமிருந்து ஜோன்ஸைக் கடற்படை வீரர்கள் வளையம் கட்டிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. சீட்டாட்டத்திலிருந்து எடுத்து 'கிராண்ட் ஸ்லாம்' என்ற பெயரை இந்தச் சாதனைக்குச் சூட்டியவர் கீலர்தான்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 17-ம் தேதி, போட்டி கோல்ஃபிலிருந்து விலகுவதாக அறிவித்தார்.

அமெச்சூரின் மட்டை கடைக்கு வந்தது

அதே நேரத்தில் வார்னர் பிரதர்ஸோடு ஒப்பந்தம். கோல்ஃப் ஆடுவது எப்படி என்று கற்றுத்தரும் 12 குறும்படங்கள் 1931-ல் வந்தன. பிறகு இன்னும் ஆறு. ஹாலிவுட் நட்சத்திரங்கள் சுமாரான ஆட்டக்காரர்களாகத் தடுமாற, ஜோன்ஸ் வந்து திருத்துவார். பணம் வாங்கியதால் அமெச்சூர் அந்தஸ்து போனது. அது தெரிந்தே செய்தார்.

அடுத்து ஸ்பால்டிங். ஜோன்ஸின் பெயர் பொறித்த இரும்பு மட்டைகள் 1930-களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தன. மேஷி, நிப்லிக் எல்லாம் போய், வரிசையாக எண்கள். தண்டு எஃகு. ஆனா மரத்துக்குப் பழகிய கண்கள் மிரளக் கூடாது என்று மேலே மரநிறப் பூச்சு. ஒவ்வொரு மட்டையையும் கையால் தூக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவரின் பெயரில், தேர்ந்தெடுக்கவே தேவையில்லாத செட்! முரண்பாடு என்று சிரிக்கலாம். ஆனால் யோசித்தால் நியாயம் புரியும். பல வருடம் தேடிச் சேர்க்க ஜோன்ஸுக்கு மெய்டன்கள் இருந்தார்கள், பட்டறைகள் தெரியும். சனிக்கிழமை மட்டும் ஆடும் குமாஸ்தாவுக்கு அது முடியாது. அவர் கையில் கிடைத்தது, ஜோன்ஸின் கை பல வருடம் தேடிய சீரான எடை. அந்த மட்டைகள் பல பத்தாண்டுகள் விற்றன.

இன்னொரு பக்கம், மட்டை வியாபாரம் சூடுபிடிக்க, சிலர் பையில் இருபதுக்கு மேல் அடுக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். சுமந்த கேடிகளின் முதுகு என்ன ஆகியிருக்கும்! 1938-ல் அமெரிக்கச் சங்கம் 14 மட்டைகளுக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. அந்த விதி இன்றும் உண்டு.

அகஸ்டா

1929-ல் கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் ஜோன்ஸ் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டார். கையில் நாட்கள் மிச்சம். சும்மா இருக்காமல் பக்கத்திலிருந்த சைப்ரஸ் பாயின்ட் மைதானத்தில் ஆடினார். அதை வடிவமைத்த அலிஸ்டர் மெக்கன்ஸியின் வேலை மனதில் ஒட்டிக்கொண்டது. பிறகு கிளிஃபோர்டு ராபர்ட்ஸ் என்பவரோடு சேர்ந்து ஜார்ஜியாவின் அகஸ்டாவில் பழைய நாற்றுப் பண்ணை ஒன்றை வாங்கியபோது, மெக்கன்ஸியைத்தான் கூப்பிட்டார். 365 ஏக்கர், விலை 70,000 டாலர்.

சாதாரண ஆட்டக்காரரும் சந்தோஷமாக ஆட வேண்டும் என்பதுதான் யோசனை. அகலமான ஃபேர்வே, தொடக்கத்தில் வெறும் 22 மணற்குழிகள். 1934-ல் முதல் அழைப்புப் போட்டி. வென்றவர், குழி மட்டை கொடுத்த அதே ஹார்ட்டன் ஸ்மித். மெக்கன்ஸி அதைப் பார்க்க இல்லை, அந்த ஜனவரியில் காலமானார். போட்டிக்கு 'மாஸ்டர்ஸ்' என்று பெயர் வைக்க ஜோன்ஸ் கூச்சப்பட்டு, சில வருடம் தள்ளிப்போட்டார்.

சாதாரண ஆட்டக்காரர் என்று சொல்லும்போது யார் என்ற கேள்வி வரும். அகஸ்டாவில் கேடிகள் கறுப்பினத்தவர்கள், உறுப்பினர்கள் வெள்ளையர்கள். முதல் கறுப்பின உறுப்பினர் சேர்ந்தது 1990-ல். மாஸ்டர்ஸில் முதல் கறுப்பின வீரராக லீ எல்டர் ஆடியது 1975-ல், ஜோன்ஸ் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து. பாகுபாடு வேரோடியிருந்த தெற்கு அமெரிக்காவில் வளர்ந்தவர் ஜோன்ஸ். தன்னையே காட்டிக்கொடுத்து அபராதம் போட்டுக்கொண்ட மனிதர், இந்த விஷயத்தில் ஊர் வழக்கத்தை மீறவில்லை.

ஊரே கடையடைத்த ஒரு ரவுண்டு

1936-ல் பெர்லின் ஒலிம்பிக் பார்க்கப் போகும் வழியில் ஸ்காட்லாந்தில் தங்கினார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு ரவுண்டு ஆடாமல் போவதா என்று, சத்தமில்லாமல் ஏற்பாடு செய்துகொண்டு கிளம்பினார். போட்டி இல்லை, பரிசு இல்லை, சும்மா ஒரு ஆட்டம். ஆட்டத்திறனும் அப்போது மங்கியிருந்தது.

போய்ப் பார்த்தால் முதல் குழியில் ஆயிரக்கணக்கில் கூட்டம். எப்படியோ சேதி பரவி, கடைகளை மூடிவிட்டு ஊரே வந்து நின்றது. கூட ஆடியவர்களில் ஒருவர் வில்லி ஆக்டர்லோனி. 1893-ல் பிரிட்டிஷ் ஓபன் வென்றவர், மட்டை செய்யும் தொழிலில் பேர் பெற்றவர். ஜோன்ஸுக்கு எங்கிருந்து வந்ததோ, முதல் ஒன்பது குழிகளை 32 அடிகளில் முடித்தார். பட்டங்களைப் பற்றி அளந்து பேசிய மனிதர், இந்த ரவுண்டைப் பற்றி மட்டும் கடைசிவரை மனம் விட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

போர் வந்தது. நாற்பது வயதில் ராணுவத்தில் சேர்ந்து, 1944-ல் நார்மண்டியில் இறங்கினார். அகஸ்டா மைதானத்தில் அப்போது மாடுகளும் வான்கோழிகளும் மேய்ந்தன.

1948 ஆகஸ்டில் ஈஸ்ட் லேக்கில் ஆடியதுதான் கடைசி ரவுண்டு. முதுகும் கழுத்தும் வலித்தன, கால் இழுத்தது. அறுவை சிகிச்சைகள் பலன் தரவில்லை. தண்டுவடத்துக்குள் நீர்க்குழி உண்டாகி நரம்புகளை நசுக்கும் சிரிங்கோமைலியா என்ற நோய் என்று 1956-ல்தான் தெரிந்தது. முதலில் கைத்தடி, பிறகு காலில் இரும்புப் பட்டை, பிறகு சக்கர நாற்காலி. எந்த மட்டை ஒத்துவரும் என்று தொட்ட மாத்திரத்தில் சொன்ன கைகள், பேனா பிடிக்கவே சிரமப்பட்டன.

1958-ல் உலக அமெச்சூர் அணிப் போட்டிக்கு அமெரிக்க அணியின் கேப்டனாகக் கடைசி முறை செயின்ட் ஆண்ட்ரூஸ் போனார். ஊர் அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. 1759-ல் பெஞ்சமின் ஃப்ராங்க்ளினுக்குப் பிறகு அந்த மரியாதை கிடைத்த முதல் அமெரிக்கர். மின்சார வண்டியில் மைதானத்தைச் சுற்றிப் பார்த்தார், ஆட முடியவில்லை. அங்கே 10-வது குழிக்கு இன்று அவர் பெயர்.

1971 டிசம்பர் 18-ம் தேதி, 69 வயதில் அட்லாண்டாவில் காலமானார். முதல் கலாமிட்டி ஜேன் அகஸ்டாவில் இருக்கிறது. இரண்டாவது, அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் அருங்காட்சியகத்தில். அட்லாண்டாவின் ஓக்லாந்து கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் ஜோன்ஸின் கல்லறைக்கு வருகிறவர்கள் அங்கே கோல்ஃப் பந்துகளை வைத்துவிட்டுப் போகிறார்கள்.